இருபத்தைந்தாவது அங்கத்தினர்

மயிலாடியில் எழுத்து வெட்டுகிற ரத்தினத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தெரியும். கண்ணைத் திறந்துவிட்டால்தான் தடுமாறுவார். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் சொல்வதில் பாதியை விலக்கிவிட்டு மீதியை நம்புகிறவர்கள் எப்போதும் தவறான பாதியைத்தான் விலக்குகிறார்கள்.

அவர் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். தகப்பனார் பாறைக்குழியில் கல் சரிந்து இறந்துபோக, பத்து வயதில் கையில் உளி வந்துவிட்டது. ஊரில் மற்றவர்கள் சிலையும் தூணும் ஆட்டுரலும் செய்துகொண்டிருக்க, ரத்தினத்தின் பட்டறையில் கல்லறைக் கல் மட்டும்தான். மிஷன் சபைகளில் யார் போனாலும், இந்தப் பக்கம் மயிலாடியிலிருந்து அந்தப் பக்கம் நெய்யூர் வரைக்கும், பெயர் எழுதிய துண்டுத்தாள் அவரைத் தேடி வரும். மேலே பெயர். அதன் கீழே பிறந்த தேதி. அதற்கும் கீழே 'நித்திரையடைந்தது' என்று போட்டு இன்னொரு தேதி. முப்பது வருஷம் இதையே வெட்டினார். எழுத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது கண் அல்ல, விரல். அந்தக் காலத்து அச்சு, தாளை லேசாகக் குழித்துவிட்டுத்தான் போகும். நமக்கு அது தெரியாது. அவர் விரலுக்குத் தெரிந்தது. புத்தகம் கையில் கிடைத்தால் கண்ணை மூடி, வரி வரியாகத் தடவி, உதட்டை அசைத்துப் படிப்பார். பார்க்கிறவர்களுக்கு, தூங்குகிற ஒருவர் யாருடனோ பேசுவது போல இருக்கும்.

அந்த ஊர்ப் பெண் பள்ளிக்கூடத்துக்கு நான் டீச்சராக வந்து சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில். அதற்கு இரண்டு வருஷம் முன்பே அவருடைய மகள் ஞானசெல்வி இறந்துபோயிருந்தாள். ஆகவே அவளை நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்றுதான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெற்ற தாய் பிரசவத்திலேயே போய்விட, அத்தை பூங்கனி வளர்த்த பிள்ளை. பூங்கனி ரத்தினத்தின் அக்காள். சந்தையில் கருப்பட்டி விற்பவள். அவள் வாய்க்கு ஊரே ஒதுங்கி வழிவிடும். ஞானசெல்வி ஏழாம் வகுப்பு வரை படித்தாள். அவளுடைய கையெழுத்து ஊரில் பிரசித்தம். அப்பா வெட்டிய கல்லறைக் கற்களைப் பார்த்து எழுதப் பழகியதால், ஒவ்வொரு எழுத்தின் நுனியிலும் உளி நின்ற மாதிரி ஒரு சின்ன வெட்டு விழும். பட்டறையில் அப்பா கல் வெட்ட, மகள் பக்கத்தில் உட்கார்ந்து கதைப்புத்தகம் உரக்கப் படிப்பாள். வாக்கியம் முடியும் இடத்தில் அவரும் சுத்தியலை ஓங்குவாராம்.

புத்தகம் வந்த வழி இது. எனக்கு முன்னால் இருந்த டீச்சர் நாகர்கோவிலில் ஒரு நூல்நிலையத்துக்குச் சந்தா கட்டி வந்தார். எந்த நூல்நிலையம் என்பது இப்போது வேண்டாம். அதில் எடுத்ததை ஞானசெல்விக்கும் கொடுப்பார். கடைசியாக வந்தது அட்டையும் முதல் தாளும் போன ஒரு தடித்த புத்தகம். பெயர் யாருக்கும் தெரியாது. தமிழில் பெயர்த்த ஏதோ சீமைக்கதை. ஒரு பெண், தகப்பனைத் தேடிக் கப்பல் ஏறுகிறாள். கப்பலில் ஒற்றைக்கண் கிளி ஒன்று இருக்கிறது. நடுக்கடலில் புயல் அடிக்கிறது. அந்த இடத்தில் ஞானசெல்விக்குக் காய்ச்சல் வந்தது.

டீச்சருக்கு இடமாற்றம் ஆகிச் சந்தா நின்றிருந்தது. காய்ச்சலின் பதினோராம் நாள், உச்சி வேளையில், நூல்நிலையத்து ஆள் சைக்கிளில் வந்து புத்தகத்தைக் கேட்டான். இன்னும் முப்பது பக்கம் பாக்கி. ரத்தினம் ஒரே ஒரு நாள் கேட்டார். சந்தா முடிந்தால் புத்தகம் வரவேண்டும், அவனுக்கு அதுதான் உத்தரவு. பாயில் கிடந்த பிள்ளையின் தலைமாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் குடிக்க வெள்ளம் கேட்கவில்லை, கஞ்சி கேட்கவில்லை. நாலு நாளும் ஒன்றையே கேட்டாள்.

"அப்பா, கப்பலு கரைக்கு வந்துதா?"

ஐந்தாம் நாள் உச்சியில் போய்விட்டாள். வயது பதினேழு.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் ரத்தினம் நாகர்கோவிலுக்கு நடந்தே போனார். சந்தா இல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்றார்கள். வாசலில் நின்றே கேட்டிருக்கிறார். புத்தகத்தின் பெயர் என்ன என்றார்கள். அவருக்கு அது தெரியாது. ஒற்றைக்கண் கிளி என்று சொன்னதும் உள்ளே யாரோ சிரித்தார்களாம்.

திரும்பி வந்து, நல்ல கருங்கல்லாக ஒன்றை எடுத்து, முகம் பார்க்கிற அளவுக்கு இழைத்தார். மகளுக்கான கல். அதில் ஒரு எழுத்துகூட வெட்டவில்லை. சுவரில் சாத்திவிட்டார். ஊரில் அத்தனை பேருடைய சாவையும் வெட்டிய கை அந்த ஒரு கல்லின் முன்னால் எழும்பவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவளுடைய மண்மேட்டில் ஒரு மரச்சிலுவை மட்டும் நின்றது.

நான் வந்த வருஷம், ரத்தினம் தம் பட்டறையில் பாதியைத் தடுத்து வாசகசாலையாக்கினார். இரண்டு பெஞ்சு, மண்ணெண்ணெய்ப் பெட்டியில் அடித்த அலமாரி, யார் யாரோ கொடுத்த பழைய புத்தகங்கள், ஒருநாள் பிந்தி வரும் செய்தித்தாள். பெண்கள் உட்கார ஒரு ஓலைத் தட்டி. தட்டிக்குப் பின்னால் ஒரு பாய். அதற்கும் பின்னால் கல்லறைத் தோட்டத்துச் சுவர். சந்தா கிடையாது. சந்தா இல்லாமல் எத்தனை நாளைக்கு நடத்துவீர்கள் என்று கேட்டேன். அவருக்கு அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது.

"ரோடு போட்டது சர்க்காரு. கொளம் வெட்டுனது சர்க்காரு. கொளத்துல வெள்ளம் கோருத பெண்ணுக்கிட்ட சந்தா எங்கன்னு யாரும் கேக்கது இல்ல. பொஸ்தகத்துக்கு மட்டும் எதுக்கு டீச்சரே கேக்காவ? நீங்க எழுதுங்க. சர்க்காரு தரட்டும்."

எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் பொய்யே கலக்காதது அந்த மனு ஒன்றுதான். குளத்தையும் ரோட்டையும் அவர் சொன்னபடியே எழுதி, காசுள்ளவனுக்கு மட்டும் திறக்கிற கதவு பொதுக்கதவு ஆகாது என்று ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். கீழே ரத்தினம் கையெழுத்துப் போட்டார். கல்லில் வெட்டுகிற அழுத்தத்தில் பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. மனு திருவனந்தபுரம் போயிற்று. ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. இருபத்தைந்து அங்கத்தினர்களின் பெயரும் தினசரிப் பதிவேடும் இருந்தால் பரிசீலிக்கப்படும் என்று.

பதிவேடு வைத்தோம். கறையான் தின்றது. இன்னொன்று வைத்தோம். ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, மை கரைந்து, எல்லாருடைய பெயரும் ஒரே நீலமாகிவிட்டது. இரண்டாம் மனுவுக்கும் மூன்றாம் மனுவுக்கும் அதே பதில். அப்போதுதான் ரத்தினம் சொன்னார், பெயர்களைத் தாளில் எழுத வேண்டாம், கறையானும் மழையும் தொடாத இடத்தில் அவர் வெட்டிவைக்கிறார் என்று. தினசரிக் கையெழுத்துக்கு மட்டும் தகரப் பெட்டியில் ஒரு நோட்டு போதும். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். எந்தக் கல்லில் வெட்டப் போகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

பதினைந்து நாள் பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தபோது, மகளுக்கென்று இழைத்துவைத்த அந்தக் கல் வாசகசாலையின் நடுச்சுவரில் நின்றது. அதில் பெயர்கள். எல்லாரும் அவரவர் பெயரைத் தேடிப்பிடித்துச் சிரித்தோம். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்பு நின்றது.

ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் அவர் இடம் விட்டிருந்தார். ஒரு விரல் அகலம். தேதி வெட்டுகிற அளவு. மற்ற இடத்தைவிட இன்னும் வழவழப்பாக இழைத்திருந்தார்.

பூங்கனிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏலே ரத்தினம், எனக்க பேருக்கு அடியில எதுக்குலே எடம் விட்டுருக்க? நான் எப்பம் சாவேன்னு எழுதவா?"

"விடணும்னு விடல்லக்கா. பேரு வெட்டுனா எனக்க கை எடம் விட்டுரும்."

"ஊருல உள்ள எல்லாருக்கும் குழி எடுத்து வச்சிட்டு, பேச்சப் பாரு."

அவர் பொய் சொல்லவில்லை. முப்பது வருஷத்தில் அவர் வெட்டிய பெயர்களில் கீழே தேதி வராத பெயர் ஒன்றுகூடக் கிடையாது. உயிரோடு இருக்கிறவன் பெயரை எப்படி முடிப்பது என்று அந்தக் கைக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய தவறை நான்தான் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். எங்களுக்கு அங்கத்தினர் இருபத்துநாலு பேர். கல்லில் இருபத்தைந்து பெயர் இருந்தது. கடைசிப் பெயர் ஞானசெல்வி. அவளுக்குக் கீழேயும் இடம் விட்டிருந்தது.

அதன்பின் மூன்று வாரம் வாசகசாலைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. அங்கத்தினரில் பாதிப்பேர் பெயரைச் சுரண்டி எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். கல்லில் வெட்டியதைச் சுரண்டினால் இன்னும் ஆழமாகத்தான் போகும் என்று ரத்தினம் பதில் சொல்லி அனுப்பினார். உண்மைதான், ஆனால் சொல்லியிருக்க வேண்டாம்.

நாலாம் வாரம் ஒருநாள், வறண்ட காற்று அடித்துக்கொண்டிருந்த ஆடி மாதத்து உச்சிப்பொழுதில், கல் வியர்த்தது. கல் முழுவதும் அல்ல. அஞ்சல்காரர் செல்வதாஸின் பெயருக்குக் கீழே விட்ட இடம் மட்டும். நானும் தொட்டுப் பார்த்தேன். முத்து முத்தாக ஈரம். துடைத்தால் திரும்ப ஊறிற்று. மற்ற இருபத்துநாலு இடமும் காய்ந்து கிடந்தன. செல்வதாஸ் அன்று தோவாளைக்கு அஞ்சல் பை கொண்டுபோய்விட்டு நடந்தே திரும்பினார். நல்ல பசியோடு சாப்பிட்டார். மூன்றாம் நாள் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இனி அந்தப் பக்கம் ஒரு நாய்கூட வராது என்று நினைத்தேன். மனுஷர்களைப் பற்றி எனக்கு அப்போது அவ்வளவு தெரியாது.

மறுநாள் பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பே வாசகசாலையில் கூட்டம். ஒவ்வொருவரும் கல்லின் முன்னால் வந்து நின்று, தம் பெயருக்குக் கீழே தடவிப் பார்த்தார்கள். காய்ந்திருக்கிறது என்று கண்டதும் முகம் தெளிந்து, வந்ததுக்கு நோட்டில் ஒரு கையெழுத்துப் போட்டு, பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளை எடுத்தார்கள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். கல்லில் பெயர் இல்லாதவர்களும் வேடிக்கை பார்க்க வந்து படிக்க உட்கார்ந்தார்கள்; பெயர் கொடுத்துச் சேர மட்டும் அவர்களில் ஒருவரும் துணியவில்லை. இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் பிசாசின் வேலை என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணிய உபதேசியார், திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து தடவிவிட்டுப் போனார். செல்வதாஸின் இடத்துக்கு அவர் மகன் ராஜையன் சேர்ந்தான். அப்பா பெயரின் கீழே உள்ள இடத்தை அவன் தன்னுடையதாகவே நினைத்துத் தடவினான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பூங்கனி, கையெழுத்துப் போட என்னிடம் மூன்றே நாளில் கற்றுக்கொண்டாள். பயத்தைப் போல ஒரு வாத்தியார் இல்லை. இப்படிப் பதிவேடு நிரம்பிற்று.

பிறகுதான் அந்தக் கையெழுத்து.

உச்சி வேளையில் வாசகசாலை காலியாகிவிடும். எல்லாரும் கஞ்சி குடிக்கப் போவார்கள். பாறைக்குழியில் சுத்தியல் சத்தம் நிற்கும். சுற்றுப் பட்டறைகளிலிருந்து பறந்து வரும் கல்தூள் அந்த ஒரு மணி நேரத்தில் பெஞ்சின் மேல் மாவு சலித்த மாதிரி படியும். நான் சாப்பிட்டுவிட்டு முதல் ஆளாகத் திரும்புவேன். அந்தத் தூளில் இரண்டு முழங்கை ஊன்றிய தடம் இருக்கும். யாரோ குனிந்து உட்கார்ந்து படித்த தடம். திறந்து கிடக்கும் புத்தகத்தில் வரியோரமாக விரல் போன கோடு. நோட்டை எடுத்துப் பார்த்தால், கடைசியில் 'ஞானசெல்வி' என்று ஒரு கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தின் நுனியிலும் உளி நின்ற மாதிரி ஒரு சின்ன வெட்டு.

பூங்கனியைக் கேட்டேன். தன் பெயரின் நாலு எழுத்துக்கு மேல் ஒன்றும் வராது என்று அவள் தலையில் அடித்துச் சொன்னாள். நானே செய்திருப்பேன் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் எதற்கும் துணிந்தவள்தான். ஆனால் அந்த எழுத்து எனக்கு வராது. தனியாக இருந்து போட்டுப் பார்த்தேன், வரவில்லை.

ரத்தினத்திடம் காட்டியபோது அவர் கண்ணை மூடிக் கையெழுத்தைத் தடவினார். அவள் இன்னும் படிக்கிறாள், அந்தப் புத்தகம் இங்கே இல்லாததால் வேறெதையோ படிக்கிறாள் என்று மட்டும் சொன்னார். அவருக்கு அதில் பயமே இல்லை. சர்க்கார் கிராண்டுப் பணம் வந்தால் புத்தகம் வாங்கலாம், கப்பல் வரும் புத்தகங்களாக வாங்கலாம், ஒரு நாள் அந்த முப்பது பக்கம் கிடைக்கும். அந்த மனுஷர் மூன்று மனு போட்டது இதற்குத்தான் என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

நாலாம் மனுவுக்கு இன்ஸ்பெக்டர் ஒருவரே நேரில் வந்தார். திருவனந்தபுரத்துக்காரர், கோட்டும் தலைப்பாகையும். வில்வண்டி வழியில் அச்சு முறிந்து, வந்து சேர்ந்தது சரியாக உச்சி நேரத்தில். அங்கத்தினர்கள் அத்தனை பேரையும் நேரில் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், இருபத்தைந்துக்கு ஒன்று குறைந்தாலும் எழுத முடியாது என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

இதை எதிர்பார்த்து நான் முந்தின நாளே ரத்தினத்திடம் பேசியிருந்தேன். என் பெயருக்கு நானே பதில் சொல்லிவிட்டு, தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, கடைசிப் பெயருக்கும் குரலை மாற்றிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"செத்த பிள்ளைக்க பேரச் சொல்லி சர்க்கார் காசு வாங்கப்பிடாது மக்கா. நீ சொன்னா நான் எழும்பி உள்ளத சொல்லிருவேன்."

"சொன்னால் கிராண்டு போகும், மாமா. புத்தகமும் வராது."

"வராட்டி வராண்டாம்."

சொன்னாரே தவிர, அதைச் சொல்லும்போது அவர் கை பக்கத்தில் கிடந்த உளியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. நான் என் யோசனையை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் எழுந்திருப்பதற்குள் பதில் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்பது என் கணக்கு.

இன்ஸ்பெக்டர் கல்லைப் பார்த்தார். பெயருக்குக் கீழே ஏன் இடம் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ரத்தினத்தின் பக்கம் திரும்பி, "நீங்களே சந்தா பிரிச்சு நடத்திக்கூடே? சர்க்கார் எந்தினு தரணும்?" என்று, சர்க்கார் எதற்குத் தர வேண்டும் என்பதைப் பாதி மலையாளத்தில் கேட்டார்.

ரத்தினம் ரோட்டையும் குளத்தையும் சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. சந்தா முடிந்த புத்தகத்தை நோயாளியின் தலைமாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனதை, யாரையும் குறை சொல்லாமல், நாலே வாக்கியத்தில் சொன்னார். பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கல்லைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். செல்வதாஸின் பெயருக்கு ராஜையன் எழுந்து விவரம் சொன்னான். என் பெயர் வந்தது. சொல்லிவிட்டு நைசாகத் தட்டிக்குப் பின்னால் நழுவினேன். பாயில் நான் மட்டும்தான். பூங்கனிகூட முன்னால் ஆண்களோடு நின்றுகொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்க்க வேண்டுமாம்.

இருபத்துநாலு முடிந்தது. "ஞானசெல்வி" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். ரத்தினம் எழுந்துவிட்டார். உள்ளதைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொள்ள மூச்சை இழுத்தேன்.

"இருக்கேன் சார்."

அது என் குரல் அல்ல. என் இடது தோளுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளையின் குரல் மாதிரி உலர்ந்த ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். பாய் காலியாக இருந்தது. பாயில் படிந்த கல்தூளில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்த அளவுக்குத் தூள் இல்லை.

ரத்தினத்தின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மெதுவாக உட்கார்ந்தார். அவர் சொல்ல நினைத்தது இனிமேல் உண்மையா பொய்யா என்று அவருக்கே தெரியவில்லை. பூங்கனி மட்டும், தேவாலயத்தில்கூடக் குனியாதவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வளர்த்த காதுக்குத் தெரியாதா.

அங்கத்தினர்கள் முன்னால் வந்து கையெழுத்திட வேண்டும், பெண்களுக்குத் தட்டிக்கு உள்ளேயே நோட்டை அனுப்புகிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். அவருடைய சேவகன் நோட்டையும் பேனாவையும் தட்டிக்கு மேலாக நீட்டினான். வாங்கி என் கையெழுத்தைப் போட்டேன். அடுத்த வரியில் என்ன செய்வது என்று யோசித்துப் பேனாவைப் பாயில் வைத்து, விரலில் ஒட்டிய மையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அவ்வளவு நேரம்தான். நோட்டைத் திரும்ப எடுத்தபோது என் பெயருக்குக் கீழே மை ஈரமாக மின்னிற்று. எழுத்தின் நுனியில் சின்ன வெட்டு. அந்த நோட்டை அப்படியே கொடுத்துவிட்டு, தட்டியை விட்டு வெளியே வந்தவள், அந்தப் பாயில் பிறகு உட்காரவே இல்லை.

கிராண்டு உத்தரவு நாலு மாதத்தில் வந்தது. வாங்க வேண்டிய புத்தகங்களுக்குப் பட்டியல் கேட்டார்கள். பட்டியலை ரத்தினம் சொல்ல, நான் எழுதினேன். சரித்திரம் கொஞ்சம், வைத்தியம் கொஞ்சம், மற்றதெல்லாம் கப்பல். கப்பல் வரும் கதை என்று யார் எதைச் சொன்னாலும் சேர்த்தோம். சாமான் ஏற்றும் கப்பல், சண்டைக் கப்பல், கப்பல் கட்டும் சாஸ்திரம் ஒன்றுகூட வந்து சேர்ந்தது. ஒன்றரை வருஷம் ரத்தினம் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடித் தடவிப் படித்தார். கிளியே வரவில்லை. உச்சி வேளையில் தூளில் முழங்கைத் தடம் விழுவது நிற்கவும் இல்லை.

முப்பத்துநாலாம் வருஷம் பங்குனியில் ஒரு பெட்டி வந்தது. அதிலிருந்த புத்தகம் ஒன்றை விரலால் படித்துக்கொண்டு போனவர், ஒரு பக்கத்தில் நின்று, கண்ணைத் திறந்தார். ஒற்றைக்கண் கிளி.

மறுநாள் உச்சிக்கு எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் வந்து கூரை ஓலையோரம் காது வைத்தேன். முப்பது பக்கத்தையும் உரக்கப் படித்தார். புயல் அடித்தது. பாய்மரம் முறிந்தது. கிளி பறந்துபோயிற்று. கடைசியில் மேகம் விலகி, வெளிச்சம் வந்து, கப்பல் மெல்ல மெல்லக் குளச்சல் துறையில் வந்து நங்கூரம் போட, கரையில் தகப்பன் நின்றுகொண்டிருந்தான். அந்த இடத்தில் அவர் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கிற்று. ஆனால் குளச்சல் என்றதும் எங்கேயோ இடித்தது. சீமைக்கதையின் கப்பல் குளச்சலுக்கு எப்படி வந்தது?

சாயங்காலம் அவர் இல்லாத நேரத்தில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அச்சில் கப்பல் மூழ்கிவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. சர்க்காரிடம் பொய் சொல்லமாட்டேன் என்ற மனுஷர் மகளிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் நானும் அவரும் ஒன்றாகத்தான் கதவைத் திறந்தோம். பெஞ்சில் தூள் படிந்திருந்தது. தூளில் இரண்டு முழங்கைத் தடம், முன்னெப்போதையும்விட ஆழமாக. புத்தகம் கடைசிப் பக்கத்தில் திறந்து கிடந்தது. கப்பல் மூழ்கும் வரிகளின் ஓரமாக விரல் போன கோடு. முடிவு வரைக்கும் போய் நின்றிருந்தது. நோட்டில் கையெழுத்து இருந்தது.

ரத்தினம் அந்தக் கோட்டின் மேலேயே தம் விரலை வைத்து, முடிவுவரை இழுத்தார். அழவில்லை. கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது.

"படிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கிட்ட பொய் நிக்குமா மக்கா" என்றார்.

பிறகு சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு கல்லின் முன்னால் உட்கார்ந்தார். கடைசிப் பெயருக்குக் கீழே விட்ட இடத்தில், ஏழு வருஷத்துக்கு முந்திய அந்தத் தேதியை வெட்டினார். வெட்டி முடிக்கிறவரை அந்த இடம் வியர்த்துக்கொண்டே இருந்தது, முடித்ததும் காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு உச்சி வேளையில் தூளில் தடம் விழவில்லை. நோட்டில் அந்தக் கையெழுத்தும் வரவில்லை. இருபத்தைந்துக்கு ஒன்று குறைகிறதே என்று ரத்தினமே இன்ஸ்பெக்டருக்கு எழுதச் சொன்னார். எழுத வேண்டி வரவில்லை. பூங்கனி சந்தையிலிருந்து இரண்டு கருப்பட்டி வியாபாரிகளை இழுத்து வந்து சேர்த்துவிட்டாள். அவர்கள் பெயரை மட்டும், அவர்களே கேட்டுக்கொண்டபடி, கரிக்கட்டையால் எழுதிவைத்தோம்.

அந்தக் கல்லில் ரத்தினத்தின் பெயர் கிடையாது. அத்தனை பேரையும் வெட்டியவர் தம்மைச் சேர்க்க மறந்திருக்கிறார். அதனால்தானோ என்னவோ, அவருடைய நாள் வந்தபோது கல் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் புத்தகத்தின் மேல் விரலை வைத்தபடி கண்ணை மூடி இருந்தவரை, படிக்கிறார் என்று நினைத்து, இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் முழுவதையும் படித்துவிட்டுப் போனார்கள்.

அவருக்குப் பிறகு தேதிகளை வேறு கை வெட்டிற்று. கல்லில் இருக்கும் பெயர்களில் தேதி வராதது இப்போது ஒன்றே ஒன்றுதான். போன வாரம்கூடப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தேன். காய்ந்துதான் இருந்தது. கொஞ்சம் குளிர்ந்திருந்தது, கல் என்றால் குளிரத்தானே செய்யும்.